ஐந்து வருடம் உமிக்கரி, மூன்று வருடம் பேஸ்ட்

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். சிரித்தாலே ஊர் தெரிந்துவிடும். முன்பற்களில் காவிக் கோடுகள். போர்வெல் தண்ணீரில் கிடந்த ஃபுளோரைடு செய்த வேலை. அதற்கு மாற்றாகக் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-இல். என் பற்கள் அதற்கு வெகு முன்பே முளைத்துவிட்டன. கல்லூரியில் "வெற்றிலை போடுவியா?" என்று கேட்காத ஆள் இல்லை.

இப்படிப்பட்டவன் பேஸ்ட் டியூபில் 'ஃபுளோரைடு' என்று படித்தால் என்ன செய்வான்? தூக்கிப் போட்டேன். பல்பொடியை நானே தயாரிக்க ஆரம்பித்தேன். உமிக்கரி, வறுத்த உப்பு, கருவேலம்பட்டை, காய்ந்த வேப்பிலை, கொஞ்சம் கிராம்பு. மிக்ஸியில் அடித்து மாவு சலிக்கிற சல்லடையில் சலிப்பேன். "வஸ்திரகாயம் பண்ணணும்டா, துணியில சலி" என்று பெரியப்பா சொன்னார். யாருக்குப் பொறுமை?

முதல் ஒரு வருடம் அருமை, பொய் சொல்ல மாட்டேன். வாய் நாற்றம் போனது, ஈறில் ரத்தம் நின்றது. விரலால் ஈறைத் தேய்த்ததும், இரவிலும் விளக்கியதும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மூன்றாம் வருடம் ஜில்லென்று எதைக் குடித்தாலும் கூச்சம். நான்காம் வருடம் ஈறை ஒட்டிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். உமியில் சிலிக்கா அதிகம். அதைக் கொரகொரவென்று வைத்துத் தினம் இரண்டு வேளை ராவினால் பல் என்ன ஆகும்? மிச்சமிருந்த பொடியில் அம்மா இப்போது குத்துவிளக்கு துலக்குகிறாள். பளபளவென்று இருக்கிறது.

ஐந்தாம் வருடம் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சொத்தை. வலித்தபோதெல்லாம் கிராம்பு எண்ணெய் வைத்தேன். அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். சொத்தை பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வேர் சிகிச்சை, மேலே உறை.

அங்கே பல் டாக்டர் போட்ட கணக்குதான் என்னை மாற்றியது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதுவே 3 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரை நாளுக்கு 3 லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது. 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) பேஸ்ட் ஒரு கிராமில் இருப்பதே 1 மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். அப்புறம், காவிக் கறை விழுவது பல் உருவாகிற சிறுவயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை. முப்பது தாண்டியவனுக்குப் பேஸ்ட்டால் புதிதாகக் கறை வராது. நான் தண்ணீர் மேலிருந்த கோபத்தைப் பேஸ்ட் மேல் காட்டியிருக்கிறேன்.

இனிப்பு தின்றதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலடுக்கான எனாமல் கரையத் தொடங்கும். கரைந்ததை உமிழ்நீர் திரும்பப் படிய வைக்கும். அப்போது பக்கத்தில் ஃபுளோரைடு இருந்தால் படிகிற அடுக்கு கெட்டியாகி 4.5 வரைகூடத் தாங்கும். என் பொடி விளக்கியது, மணந்தது. இந்த வேலையைச் செய்ய அதில் எதுவுமே இல்லை.

பேஸ்ட்டுக்குத் திரும்பி மூன்று வருடம். பள்ளங்களை அடைத்தாயிற்று, கூச்சம் சில மாதங்களில் குறைந்தது, புதுச் சொத்தை இதுவரை இல்லை. காவிக் கறை அப்படியே இருக்கிறது, அது போகாது. துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் இருப்பதுதான் முதல் வாரம் பெரும்பாடு. கொப்பளித்தால் பல்லில் தங்கிய ஃபுளோரைடும் போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் கொப்பளிப்பதை விடவில்லை, அது பிடித்துத்தான் செய்கிறேன். சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் வருகின்றன. எலுமிச்சையே அமிலம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மகளுக்கு ஐந்து வயது. பட்டாணி அளவு பேஸ்ட்தான், துப்பும் வரை பக்கத்திலேயே நிற்பேன். மாமியார் ஊரில் இன்னும் போர்த் தண்ணீர்தான். "கொதிக்க வெச்சுதானே தர்றேன், மாப்பிள்ளை" என்பார்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். அதனால் அங்கே போகும்போதெல்லாம் வண்டியில் இரண்டு கேன் ஒகேனக்கல் தண்ணீர் ஏற்றிக்கொள்கிறோம். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.