பாறை உருட்ட ஆள் தேவை: ராயக்கோட்டை அருகே ஒரு ‘புதியவர் நாள்’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம், தாராளமாகப் போகலாம். பழைய காலத்துச் சம்பவங்களை அந்தக் காலத்து உடுப்பு, சாமான், சாப்பாட்டோடு திரும்ப நடத்திக் காட்டுகிற ஒரு குழு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர்கள் புது ஆட்களைச் சேர்க்க ஒரு ஞாயிறு முழுக்க ராயக்கோட்டை பக்கம் ஒரு மாந்தோப்பில் ‘புதியவர் நாள்’ நடத்தினார்கள், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் 150 ரூபாய்.

இவர்கள் நடத்திக் காட்டும் பெரிய நிகழ்ச்சி 1791-ல் நம் பக்கம் நடந்த சண்டை. பாராமகால் என்று பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்துச் சொன்ன சீமை இது. அந்த ஆண்டு ஜூலையில் திப்பு சுல்தானின் ராயக்கோட்டை, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடி படையிடம் விழுந்தது. நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் இரவில் கிருஷ்ணகிரியைத் தாக்கினார், கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார், மேல்கோட்டையில் மட்டும் முடியவில்லை, ஏனென்றால் மேலே இருந்த திப்புவின் ஆட்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டு ஏணிகளையும் ஏறி வந்தவர்களையும் நொறுக்கினார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் இந்தச் சீமை கம்பெனியிடம் போனது. பள்ளியில் மூன்றாம் மைசூர்ப் போர் என்று ஒரு வரியில் படித்துவிட்டு, அந்த மலையைத் தினமும் பேருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டு போகிறோம் என்பது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம்.

கோட்டையிலேயே ஏன் நடத்தவில்லை என்று வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். இரண்டு கோட்டைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அனுமதி வாங்காமல் அங்கே கூட்டம் கூட்டக் கூடாது. அதை ஆரம்பத்திலேயே பொறுமையாக விளக்கினார்கள், கோட்டைச் சுவரில் பெயர் எழுதிய ஆள் யாராக இருந்தாலும் இங்கே இடமில்லை என்றும் சொன்னார்கள். இந்த ஒரு கண்டிப்புக்காகவே இவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆள் சேர்க்கும் விதம்தான் இங்கே பாராட்ட வேண்டியது. போனதும் பெயர், போன் நம்பர், எந்த ஊர், யார் வீடு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து “உங்க அளவுக்கு எடுத்துக்குங்க” என்றார்கள், அவ்வளவுதான். சிவப்புச் சிப்பாய் கோட்டுகள், மைசூர்க் காலாட்படையின் புலிவரி போட்ட ஊதாப் பருத்திச் சட்டைகள், தலைப்பாகைத் துணி, நூல் சேலைகள். எல்லாம் இரவல், ஆறு மாதம் வரைக்கும் காசு கேட்பதில்லையாம். இது சின்ன விஷயமில்லை. சொந்தமாக ஒரு முழுச் செட் தைத்துக்கொள்ள ஆகும் செலவைக் கேட்டாலே கல்லூரிப் பையன் வந்த வழியே திரும்பிவிடுவான். இங்கிலாந்தில் 1968-ல் தொடங்கி அவர்கள் நாட்டு உள்நாட்டுப் போரை நடத்திக் காட்டும் சீல்டு நாட் மாதிரிப் பெரிய சங்கங்களிலேயே புது ஆள் இரவல் உடுப்பில்தான் ஆரம்பிக்கிறார். உடுப்பைப் போட்டுக்கொண்டவர் யாரும் பாதியில் கிளம்பவில்லை என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

உடுப்பு விஷயத்தில் கறார் உண்டு, ஆனால் கடுகடுப்பு இல்லை. சேலைக்கு ஊக்கு குத்தக் கூடாது, அது 1849-ல் வந்த பொருள், முடிச்சுதான் போட வேண்டும். ஒரு பெண் “அக்கா, மூக்குத்தி இருக்கலாமா?” என்று தயங்கிக் கேட்டதற்கு, “அது இருக்கட்டும் பாப்பா, வாட்சை மட்டும் கழட்டிடு” என்று பதில் வந்தது. சமையலிலும் அப்படித்தான். ராகிக் களி, கீரைக் கடைசல், புளி ஊற்றிய கொள்ளுக் குழம்பு. தக்காளி நம் சமையலில் பரவியதெல்லாம் ரொம்பப் பிறகு என்பதால் அதற்கு அனுமதியில்லை. குழம்பு அருமை.

அப்புறம் வேலை. வந்த ஒவ்வொருவருக்கும் முதல் மணி நேரத்துக்குள் ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்கள், வேடிக்கை பார்க்க விடுவதே இல்லை. சிப்பாய் வரிசைக்குப் போனவர்களுக்கு மரத் துப்பாக்கி, உள்ளே ஈயம் வைத்து அசல் எடை, ஏறக்குறைய நாலரைக் கிலோ. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பது, மருந்தைக் கொட்டுவது, குண்டைப் போட்டு இடிகோலால் இடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஆணை உண்டு, மருந்து மட்டும் வெறும் பாவனை. வெடிமருந்தும் கூரான கத்தியும் தோப்புக்குள்ளேயே வரக் கூடாது என்பது விதி, பிள்ளைகளைக் கூட்டி வருபவர்களுக்கு அது நிம்மதி. மைசூர் ராக்கெட்டின் மாதிரி ஒன்றும் இருந்தது. இரும்புக் குழாயை மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால்தான் அது அவ்வளவு தூரம் பறந்தது என்று சொன்ன பையன், தானே அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னான். பாறைகள் மூங்கில் பின்னிக் காகிதம் ஒட்டியவை. உருட்டிவிட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டபோது மேட்டில் போய் நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளைகளோடு வந்த அப்பாக்கள்தான் முன்னால் நின்றார்கள்.

ஆனால் என்னை உட்கார வைத்தது சண்டையில்லை, நில அளவை. 1792-க்குப் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, இந்தச் சீமையை வயல் வயலாக அளந்து தீர்வை, அதாவது நிலவரி போட்டார்கள், ரைத்திடம் (விவசாயியிடம்) அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். அதை ஒரு காட்சியாக வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் அளவுச் சங்கிலியை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க, ஓலையும் எழுத்தாணியுமாக ஒருவர் கணக்குப்பிள்ளை, தொப்பி போட்ட ஒருவர் துரை. ரைத்து வேஷத்துக்கு வந்தவர் பாலக்கோடு பக்கத்து விவசாயி அம்மா ஒருவர். அவருக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை. “சாமி, ஆடு மேயற பாறைக்கும் தீர்வையா? மழையே வராத வருஷத்துக்கு யாரு கணக்கு எழுதுவா?” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை, துரையால் பதில் சொல்ல முடியவில்லை. குழுவினர் அங்கேயே அதைக் காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். சண்டை பிடிக்காது, கூச்ச சுபாவம், வயதாகிவிட்டது என்று ஒதுங்குபவர்களுக்கு இந்தக் காட்சிதான் வாசல். மாலையில் சேருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் நிறையப் பேர் இந்தப் பக்கம் இருந்தவர்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. திப்புவின் தளபதி, மாக்ஸ்வெல் மாதிரியான பெரிய வேஷங்களைப் பழைய உறுப்பினர்கள் விடுவதாக இல்லை, ஒரு ஒத்திகைக்காவது புது ஆளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை, காலையில் வந்த பெண்களை நேராக அடுப்புப் பக்கம் அனுப்பியது. ஒருவர் கேட்ட பிறகுதான் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்த்தார்கள். இத்தனைக்கும் வரலாற்றிலேயே இடம் இருக்கிறது. அந்தப் போரில் கம்பெனிப் படையை நடத்திய கார்ன்வாலிஸின் ஆட்களுக்கு மாட்டின்மேல் பொதி ஏற்றித் தானியம் கொண்டுவந்தவர்கள் லம்பாடி வணிகர்கள், ஆண் பெண் பிள்ளை என்று குடும்பத்தோடு நகர்ந்தவர்கள். அந்தக் காட்சியை எடுத்தால் பெண்களுக்கு முன்வரிசை வேஷங்கள் கிடைக்கும். தர்மபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் தங்கள் பூவேலைத் தையலை இன்றைக்கும் செய்கிறார்கள், அங்கே நேரில் போய், அவர்களைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் அவர்களையே வைத்துச் செய்ய வேண்டும்.

ஆள் தேடும் இடமும் மாற வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ஒன்றிரண்டு இன்ஜினியரிங் கல்லூரிகளும் போதாது. ராத்திரி முழுக்கக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஆடுகிற பாரதக் கூத்துக் கலைஞர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், கம்பு சுற்றக் கற்றுத்தருகிற சிலம்ப வாத்தியார்கள் இருக்கிறார்கள். கனமான உடுப்பில் நிற்பது, குரலைத் தோப்பின் கடைசி வரை அனுப்புவது, அடி படாமல் அடிப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிடும்போது சும்மா கூப்பிடக் கூடாது, ஒரு நாள் சம்பளம் கொடுத்து ஆசிரியராகக் கூப்பிட வேண்டும். இதைக் குழுவில் மூத்தவரிடம் சொன்னேன். “சரிதான் சார், காசுதான் யோசனை” என்றார். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டுங்கள், நாங்கள் கொடுப்போம்.

அடுத்து, சண்டையில் இறந்தவர்களுக்காக நட்ட நடுகற்களில் இருக்கும் வீரர்களை வைத்து ஆநிரை (மாட்டு மந்தை) மீட்கும் காட்சி ஒன்று செய்யப்போகிறார்களாம். உடைக்கும் ஆயுதத்துக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் இருக்கும் கற்களையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் ஆள் தேவை, மாடு மேய்த்துப் பழகியவர்களுக்கு முதலிடம்.

போகிறவர்களுக்கு: கழிப்பறை ஒன்றுதான், அதுவும் தோப்பின் மறுகோடியில். தண்ணீர் கொண்டுபோங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும். தர்மபுரியிலிருந்து வருபவர்கள் பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் பேருந்தில் ஏறி ராயக்கோட்டையில் இறங்கிக்கொள்ளலாம், காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் பெட்டியில் நல்ல அளவு கோட்டு கிடைக்கும்.