சாய் குங்கில் உயிர்மீன் சாப்பாடு: மூன்று தடவை போன பிறகு எழுதுகிறேன்

ஹாங்காங் வரும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். தொட்டியில் நீந்தும் மீனைக் கைகாட்டினால் அதையே பிடித்துச் சமைத்துத் தருவார்களாமே, அதற்கு எங்கே போகணும்? சாய் குங் போங்கள் என்றுதான் நானும் சொல்லி வந்திருக்கிறேன். டைமண்ட் ஹில்லில் 92ஆம் நம்பர் பஸ், இல்லையென்றால் சோய் ஹங் ஸ்டேஷனுக்கு வெளியே 1ஏ மினிபஸ். இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் கரைச்சுவருக்குக் கீழே படகுகள் நின்றபடி நண்டும் மீனும் விற்றுக்கொண்டிருப்பார்கள், மேலே நின்று நாம் கேட்டதை நீளக் கம்பு வலையில் ஏந்தி நம் கைக்கு நீட்டுவார்கள். அதைத் தாண்டினால் கடலுணவுக் கடைகள் வரிசை. நான் எழுதுவது அந்த வரிசையில் ஒரு கடையைப் பற்றி. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடையோடு முடிகிற குறை இல்லை.

முதலில் சாப்பாடு. மீனை ஆவியில் வேகவைப்பதில் இந்தக் கடையை அடிக்க ஆள் இல்லை. முழு மீன், மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் முடி மாதிரி மெல்லிசாக நறுக்கிப் போட்டு, கொதிக்கும் எண்ணெயை ஊற்றும்போது சுர்ரென்று ஒரு சத்தம், சுற்றிலும் இளம் இனிப்போடு சோயா சாஸ். முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி லேசாகப் பச்சையாக இருக்கிற அந்த நொடியில் இறக்கிவிடுகிறார்கள். நம் ஊர் ஆட்களுக்கு வேகவில்லையோ என்று தோன்றும், சாப்பிட்டுப் பாருங்கள், பாளம் பாளமாகக் கழன்று வரும். இந்த ஊர்க்காரர்கள் 'யாவ் சோய்', அதாவது நீந்துகிற மீன், என்று அவ்வளவு விலை கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். முதல் தடவை ஆபீஸ் விருந்துக்குப் போனபோது 'துங் சிங் பான்' வாங்கினார்கள். சிவப்பு உடம்பில் நீலப் பொட்டு வைத்த கலவா. கல்யாணத்துக்கும் புதுவருஷத்துக்கும் சிவப்பு ராசி என்பதால் இதற்குத்தான் மவுசு. நானும் ரசித்துத்தான் சாப்பிட்டேன், எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நாட்டுப்படகில் தூண்டில் போட்டவர். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டான பார் எங்கே, எந்தப் பாரில் எந்த மாசம் கலவா கூடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மெனு கார்டைத் தொடவே இல்லை, நேராகத் தொட்டிக்குப் போய்க் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்துவிட்டார்.

"எய்யா, இந்த வாயப் பாரு. தூண்டில் கிழிச்ச தடம் இருக்கு. இது ஒருத்தன் உக்காந்து பிடிச்ச மீன்" என்றார்.

பார்த்தேன். மேலுதட்டு ஓரத்தில் ஒரு கிழிசல், வெள்ளையாக ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியில் அதே ஜாதி மீன் நாலு, ஒன்றின் உதட்டிலும் ஒரு கீறல் இல்லை. "இது எப்படிப் பிடிச்சதுன்னு கேளு" என்றார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கடைப் பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த கான்டனீஸில் கேட்டேன். பிலிப்பைன்ஸ் மீன் என்றார். எப்படிப் பிடித்தது? மொத்த வியாபாரிக்குத்தான் தெரியும் என்றார். சொன்ன விதத்தில் எரிச்சல் எதுவும் இல்லை, இப்படி ஒரு கேள்வி வரும் என்றே நினைத்திராத முகம்.

உதட்டில் தடம் இல்லாவிட்டால் உடனே விஷம் வைத்துப் பிடித்தது என்று ஆகிவிடாது. கூண்டுப் பொறியிலும் பிடிப்பார்கள். ஆனால் அப்பா கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துக்கொண்டு முங்கி, மீன் ஒளிந்திருக்கும் பவளப்பாறைப் பொந்துக்குள் பீய்ச்சுகிற வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. மீன் மயங்கி வெளியே வரும், சில நேரம் பாறையை உடைத்து எடுப்பார்கள். 1960களில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வண்ணமீனுக்காக பிலிப்பைன்ஸில் தொடங்கியது, பிறகு சாப்பாட்டு மீனுக்கும் வந்துவிட்டது. இரண்டு நாட்டிலும் சட்டப்படி குற்றம். அந்தப் பொந்தில் இருக்கும் சின்ன மீனும் பவளப் பூச்சியும் அதே விஷத்தில் சாகின்றன.

அப்பா ஊருக்குப் போன பிறகு இதை விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது சயனைடைவிட, ஆளுக்கு ஆள் கட்டிவைத்திருக்கும் முடிச்சு. பலவான் தீவை எடுத்துக்கொள்ளுங்கள், பிலிப்பைன்ஸிலிருந்து உயிர்மீன் அதிகமாக வருவது அங்கிருந்துதான். அங்கே தூண்டில் போடுகிறவருக்குப் படகு இன்ஜினுக்கும் எண்ணெய்க்கும் வீட்டு அரிசிக்கும் காசு கொடுப்பவர் ஊரிலேயே இருக்கும் மீன் வியாபாரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி போய்க் கதவைத் தட்டுவதும் அவர் வீட்டைத்தான். பதிலுக்கு, பிடிக்கிற மீன் அவருக்கே போகணும். அவருக்கு முன்பணம் கொடுத்தவர் பெரிய ஊரில் இருக்கும் ஏற்றுமதியாளர், அவருக்கு மேலே ஹாங்காங்கில் இறக்குமதி செய்பவர். காசு மேலிருந்து கீழே கடனாக இறங்குகிறது, மீன் கீழிருந்து மேலே தவணையாக ஏறுகிறது. சங்கிலியில் ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும்தான் தெரியும். போனில் அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊருல கம்பெனிக்காரன்கிட்ட முன்பணம் வாங்கிட்டு மீன வேற ஆளுக்கு எடைபோட முடியுமா? அதேதான்" என்றார்.

இந்த முடிச்சை வைத்துப் பார்த்தால்தான் சட்டம் போட்டும் ஏன் இது நிற்கவில்லை என்பது புரிகிறது. பலவானின் தலைநகரான புவெர்ட்டோ பிரின்செஸா நகரம் 1993 ஜனவரி முதல் 5 வருஷத்துக்கு உயிர்மீனை வெளியே அனுப்பக்கூடாது என்று தடை போட்டது, பலவான் மாகாணமும் பவளப்பாறை மீன்களைப் பிடிக்கவும் விற்கவும் 5 வருஷத் தடை கொண்டுவந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் யார் என்று பாருங்கள், விமானத்தில் மீன் அனுப்பும் வியாபாரிகள் சங்கமும் சாதாரண மீனவர்களும் ஒரே மனுவில் இருக்கிறார்கள். எங்கள் பிழைப்பு போச்சு என்பது வாதம். 1997 ஆகஸ்டில் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த மீனவர்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தடையோடு வந்த அதிகாரி கடனைத் தீர்க்க வரவில்லை, வியாபாரியோ அன்றைக்கும் கதவைத் திறந்துவைத்திருந்தார். அதே கடன் முடிச்சால்தான் சின்ன மீனைத் தண்ணீரில் விடவும் கை வருவதில்லை. அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை, தட்டில் முழுசாக அடங்குகிற மீனுக்குத்தான் நல்ல விலை. அதைவிடச் சின்னதைக் கூண்டில் போட்டுத் தீனி கொடுத்துப் பெரிசாக்கி அனுப்புவார்கள். கடையில் 'வளர்ப்பு மீன்' என்று சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் குட்டியாகப் பிடித்துக் கூண்டில் வளர்த்ததா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. கலவா பிறக்கும்போது பெண், வளர்ந்த பிறகுதான் சிலது ஆணாக மாறும். குட்டியாகவே பிடித்துக்கொண்டே போனால் முட்டைக்கும் ஆள் இல்லை, ஆணுக்கும் ஆள் இல்லை.

இதில் சாப்பிடுகிறவருக்கு ஒரு சிக்கல், கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பவளப்பாறை மீன் பெரிசாகப் பெரிசாக அதன் உடம்பில் சிகுவாடெரா என்ற நோயைக் கொடுக்கும் நஞ்சு சேரலாம். வேகவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. அதனால் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பவளப்பாறை மீனைத் தவிர்க்கச் சொல்கிறது ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம். பெரிசைத் தின்றால் உடம்புக்கு ஆகாது, சின்னதைத் தின்றால் கடலுக்கு ஆகாது.

சரி, அப்படியானால் என்ன வாங்குவது? அன்றைக்கு நாங்கள் வாங்கியது 'சபா லுங் டான்'. மலேசியாவின் சபா பல்கலைக்கழகத்தில் புலிக் கலவாவையும் ராட்சதக் கலவாவையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம், பொரிப்பகத்தில் பிறந்து பண்ணையில் வளர்வது. அதற்குத் தீனியும் கடல்மீன்தான், அது தனிக் குறை. ஆனால் ஏதோ ஒரு பாரைக் காலி செய்து வந்த மீன் இல்லை. தோல் தடிப்பாக, பசை மாதிரி ஒட்டும், அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. சதை கொஞ்சம் முரடு, துங் சிங் பானின் மென்மை வராது, இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். துங் சிங் பானேதான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலிய மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். குயின்ஸ்லாந்தில் தூண்டிலில் பிடிப்பார்கள், 38 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விடணும், இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு 2004லிருந்து இருக்கிறது, முட்டையிடும் பருவத்தில் அமாவாசையை ஒட்டிச் சில நாள் மீன்பிடிப்பையே மூடிவிடுகிறார்கள். விலை கூடத்தான் இருக்கும்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எடை கேட்டியில், ஒரு கேட்டி சுமார் 605 கிராம். நாங்கள் போன அன்று லுங் டான் கேட்டி 240 ஹாங்காங் டாலர், துங் சிங் பான் 780. மீன், கறுப்பு பீன்ஸ் போட்ட மட்டி, உப்பு மிளகு கணவாய், ஒரு கீரை, சோறு, டீ எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு 900 சொச்சம். மீனை எடைபோட்டு நம்மிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள், எடையில் ஏமாற்று இல்லை. பணியாளர்கள் தங்கமானவர்கள். அம்மாவுக்குக் காரம் வேண்டும் என்றதும் கேட்காமலே பச்சைமிளகாய் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். சனி, ஞாயிறு மதியம் போகாதீர்கள், உட்கார இடம் கிடைக்காது.

இப்போது கீழ்வரிசைத் தொட்டி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அதில் 'சோ மே' இரண்டு இருந்தன, நெப்போலியன் மீன் என்பார்களே அது. தடித்த உதடு, பச்சை உடம்பு, கண்ணுக்குப் பின்னால் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்கூட இல்லை. இந்த மீன் 2 மீட்டர் வரை வளரும், 30 வருஷம் வாழும், நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒரு தடவைகூட முட்டையிடாத குட்டி. அழிவு அபாயத்தில் இருக்கும் உயிர்களின் நாடுவிட்டு நாடு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2004இல் இதைச் சேர்த்தார்கள். சபாவில் 2010இல் இதன் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2006 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளப்பாறைக் காப்பகத்தில் பிடிபட்ட ஒரு கப்பலில் 300க்கும் மேல் உயிரோடு இருந்தன. ஹாங்காங்கில் இதை வைத்து விற்க அனுமதி வாங்கணும். அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளியிடம் இருக்கும் என்றார்கள். அப்பா சொன்னதால் இரண்டின் முகத்தையும் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

அனுமதியில் எத்தனை மீன் என்பது இருக்கும், எந்த மீன் என்பது இருக்காது. இரண்டை விற்றுவிட்டுக் கள்ளத்தில் இரண்டை வாங்கிப் போட்டாலும் கணக்கு இரண்டுதான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஹாங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு செயலி செய்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கோடுகள் நம் கைரேகை மாதிரி, மீனுக்கு மீன் வேறு. முகத்தைப் படம் எடுத்தால் அதே மீனா, புது மீனா என்று சொல்லிவிடலாம்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் தனியாகப் போனேன். வாசலில் மீன் லாரி நின்றது. காற்றுக்குழாய் போட்ட தொட்டிகள், தரையெல்லாம் உப்புத்தண்ணீர். ஓட்டி வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது வருஷமாக ஒரே மொத்த வியாபாரியிடம்தான் எடுக்கிறாராம். அவர் யாரிடம் எடுக்கிறார் என்று கேட்டால் நன்றாக இருக்காது, நம்பவில்லையா என்று நினைத்துவிடுவார் என்றார். கரிசனமாகத்தான் சொன்னார்.

உள்ளே கீழ்வரிசைத் தொட்டியில் சோ மே இரண்டு இருந்தன. அன்றைக்கு வந்தபோது பார்த்த அதே அளவு. போனை எடுத்துப் பழைய படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். படத்தில் ஒன்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் கோடு கவை மாதிரி பிரிந்திருந்தது, இன்னொன்றுக்கு மூன்று துண்டாக உடைந்திருந்தது. தொட்டியில் இருந்த இரண்டுக்கும் அப்படி எதுவும் இல்லை, நீளமாக ஒரே கோடு. திரும்பி நீந்தட்டும் என்று காத்திருந்து மறுபக்கத்தையும் பார்த்தேன். வேறு மீன்கள்.

டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன். படங்களைத் தேதியோடு மீன்வளத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே போடுகிறேன்.