ரேக்குக்குள் ஒரு நம்பிக்கையான பெட்டி: அல்கார்ன் மெக்பிரைட் ஷோ கன்ட்ரோலர்

கார்டன்ஸ் பை த பேயில் இரவு 7.45க்கும் 8.45க்கும் சூப்பர்ட்ரீ என்னும் ராட்சத செயற்கை மரங்களுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒளிக்காட்சி பார்க்காத சிங்கப்பூர்க் குடும்பம் குறைவு. பாட்டு ஏறும்போது மரங்கள் நிறம் மாறும், தாளம் நிற்கும்போது அணையும். இந்த மாதிரிக் காட்சிகளில் விளக்கு, ஒலி, வீடியோ, புகை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் எது எப்போது என்று கட்டளை கொடுக்கும் ஒரு கருவி பின்னால் எங்கோ ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கி வைக்கும் சட்டகத்தில், இருக்கும். அதுதான் ஷோ கன்ட்ரோலர். பார்வையாளர் கண்ணில் அது படவே படாது. என் வேலை முழுவதும் அதோடுதான்.

செந்தோசாவில் ஓர் உள்ளரங்கக் காட்சியைப் பராமரிக்கும் குழுவில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்கள் ரேக்கில் இருப்பது அல்கார்ன் மெக்பிரைட் நிறுவனத்தின் வி16 ப்ரோ. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு நம் பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். அவர்கள் தமிழில் படிக்க இதைப் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும், 1986இல் தொடங்கிய நிறுவனம் இது. நிறுவியவர் ஸ்டீவ் அல்கார்ன். 1982இல் திறந்த டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்கு மின்னணு அமைப்புகளை உருவாக்கிய குழுவில் இருந்தவர். பூங்காவுக்குள் நின்று வேலை பார்த்தவர் செய்த சாமான் என்பது கையில் எடுத்தாலே தெரிகிறது. அலுவலக மேசைக்கென்று செய்த கணினிக்கும், ஆண்டு முழுக்கப் பூட்டிய அறையில் ஓட வேண்டிய கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்கள் செய்தது.

அந்தக் காலத்தில் பூங்காக்களில் ஒலி நாடாவில்தான் ஓடியது. நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, ஒரு தொட்டிக்குள் தொங்கவிட்டு நாள் முழுக்கச் சுற்றவிடுவார்கள். நாடா தேயும், அதைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும், புது நாடா மாற்ற வேண்டும். இந்த நிறுவனத்தின் டிஜிட்டல் பின்லூப் அந்த வேலையை மெமரிக்கு மாற்றியது. பல ஒலித்தடங்கள் ஒரே கடிகாரத்தில் பிசகாமல் ஓடும். ஆங்கிலத்தில் 'பின்' என்றால் தொட்டி, 'லூப்' என்றால் வளையம்; பழைய நாடாத் தொட்டியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். சுழலும் பாகம் இல்லை என்பதன் அருமை, இந்த ஊர் ஈரப்பதத்தில் விசிறியும் ஹார்ட் டிஸ்க்கும் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கன்ட்ரோலருக்கு வருகிறேன். இதற்கு நிரல் எழுதுவது வின்ஸ்க்ரிப்ட் லைவ் என்ற மென்பொருளில். காட்சி ஒரு பட்டியலாக இருக்கும்: எத்தனையாவது நிமிடம், வினாடி, ஃபிரேம் (வினாடிக்குள் வரும் ஒரு படம்), எந்தக் கருவி, என்ன செய்ய வேண்டும். புரொஜெக்டருக்கு ஆர்எஸ்-232 என்ற கம்பி இணைப்பு வழியாகப் போகும் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கருவியின் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அதன் கட்டளைகள் படிக்கும் சொற்களாகவே வந்துவிடும். எழுதி முடித்து கன்ட்ரோலரில் ஏற்றிவிட்டால் மடிக்கணினியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். காட்சி பெட்டிக்குள்ளிருந்தே ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'லைவ்'. ஓடுகிற காட்சியை ஓடும்போதே திரையில் பார்க்கலாம். எந்த வரி நடக்கிறது, எந்த உள்ளீடு வந்திருக்கிறது, எது வரவில்லை, எல்லாம் தெரியும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருநாள் ரேடியோவில் கூப்பிட்டான்: "அண்ணே, லைட்டெல்லாம் சரியா வருது, கதவுதான் திறக்கல. ப்ரோகிராம் போயிடுச்சாண்ணே?" திரையைப் பார்க்கச் சொன்னேன். கதவுக்கான வெளியீடு போயிருக்கிறது, கதவு மூடியிருப்பதைச் சொல்லும் சென்சார் உள்ளீடு மட்டும் மாறவே இல்லை. அப்படியானால் நிரலில் குற்றமில்லை, கதவருகே போய்ப் பார் என்றேன். கதவுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயிலிருந்து போகும் கம்பி தளர்ந்திருந்தது. அனுபவம் குறைந்த ஒருவன் தனியாகவே பழுதைக் கண்டுபிடிக்க வழிவிடும் கருவிதான் என் கணக்கில் நல்ல கருவி.

ஒப்பிட்டுச் சொல்ல இன்னோர் அனுபவமும் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் சாதாரணக் கணினியில் ஓடிய கட்டுப்பாட்டு அமைப்பு. காலையில் வாசல் திறக்கும் நேரத்துக்குக் கணினி தானாக அப்டேட் போட ஆரம்பிக்கும். வெளியே பிள்ளைகள் வரிசையில், உள்ளே நாங்கள் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இந்தப் பெட்டியில் அந்தக் கவலை கிடையாது. மின்சாரம் போய் வந்தாலும் தானே எழுந்து காத்திருக்கிறது.

நேரத் துல்லியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் சறுக்கும் இடம் அது. ஒலி, வீடியோ, விளக்கு மூன்றையும் கட்டிப் போடுவது எஸ்எம்பிடிஇ டைம்கோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான நேரக் குறியீடு. அதில் வினாடிக்கு 24, 25, 29.97, 30 ஃபிரேம் என்று வகைகள் உண்டு. 29.97ஐ 30 என்று எடுத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி தள்ளிப்போகும். பத்து நிமிடக் காட்சியில் 0.6 வினாடி, அதாவது ஏறத்தாழ 18 ஃபிரேம். பேசும் பொம்மையின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போக அது தாராளம். எந்தக் கருவியும் உங்களுக்காக இதைச் சரிசெய்து தராது. காட்சியைத் தயாரித்தவரிடம் ஃபிரேம் வேகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே நிறுவனத்தின் லைட்க்யூவும் எங்களிடம் இருக்கிறது. ஒளியமைப்பாளர் தன் கன்சோலில் (விளக்குகளை இயக்கும் மேசையில்) செய்து காட்டும் டிஎம்எக்ஸ் கட்டளைகளை, அதாவது விளக்குகளுக்குப் போகும் கட்டளைகளை, பதிவு செய்துகொள்ளும். அவர் கன்சோலை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர் போட்ட விளக்கு அப்படியே தினமும் வரும். வேலையைச் செய்கிறது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஷோ கன்ட்ரோலர் வேறு, ஆட்கள் ஏறும் வண்டியை இயக்கும் ரைடு கன்ட்ரோல் வேறு. வண்டி எப்போது நகரலாம், தடுப்புக்கம்பி பூட்டியதா, அவசர நிறுத்தம் அழுத்தப்பட்டதா என்பவற்றை எல்லாம் பாதுகாப்புக்கென்றே செய்த பிஎல்சி என்ற தொழில்துறைக் கட்டுப்பாட்டுக் கணினி பார்த்துக்கொள்ளும். ஷோ கன்ட்ரோலருக்கு அங்கிருந்து ஒரு சமிக்ஞை மட்டும் வரும். வந்ததும் இசையை நிறுத்தி, வேலை விளக்குகளை ஏற்றி, அறிவிப்பை ஒலிபரப்பும். எவ்வளவு நம்பகமான பெட்டியாக இருந்தாலும் உயிரை அதன் தலையில் கட்டக்கூடாது.

குறையும் உண்டு. பட்டியலாக எழுதுவது பராமரிப்பவனுக்கு வசதி. ஆனால் படைப்பாளிகள் திரையில் நேரக்கோட்டில் இழுத்து நகர்த்திப் பார்க்க ஆசைப்படுவார்கள், அவர்களுக்கு மீடியலான் போன்ற டைம்லைன் மென்பொருள் கைக்கு இதமாக இருக்கும். வின்ஸ்க்ரிப்ட் விண்டோஸில்தான் ஓடும். விலையும் சின்ன அருங்காட்சியகத்துக்கும் கோவில் கண்காட்சிக்கும் கனம்தான். நாலு விளக்கும் ஓர் ஒலிபெருக்கியும் மட்டும் இருந்தால் இது தேவையே இல்லை. நாள்தோறும் பலமுறை, வருடக்கணக்கில் ஓட வேண்டிய காட்சி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். புதிதாக வாங்குவோர் வி16 ப்ரோவுக்குப் பின் வந்த எக்ஸ் வரிசையைக் கேளுங்கள்.

வாங்கும்போது ஒப்பந்தக்காரரிடம் நிரலின் மூலக் கோப்பை ஒப்படைப்புப் பட்டியலில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். அமைத்துக் கொடுத்தவர்கள் கோப்பைக் கொடுக்காமல் போய்விட, ஒரு விளக்கின் நேரத்தை மாற்றவே மறுபடி அவர்களுக்குக் காசு கட்டி அழைத்த இடம் எனக்குத் தெரியும். கூடவே, அதே நிரல் ஏற்றிய இன்னொரு பெட்டியையும் உதிரியாக வாங்கி அதே ரேக்கின் அடியில் வையுங்கள். ஆர்லாண்டோவிலிருந்து வர வேண்டிய சாமான், வாசலில் வரிசை நிற்கும்போது கேட்டால் உடனே கிடைக்காது.