ரட்கர்ஸ் வேண்டாம், பர்டூ போதும்: ஆன்டெனாவா, கேபிளா, ஸ்ட்ரீமிங்கா?

இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு நியூ ஜெர்சியில் வீடு வாங்கியவனுக்குச் சனிக்கிழமை மதியம் வரும் எரிச்சல் தனி ரகம். கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து பார்க்கலாம் என்று பிக் டென் நெட்வொர்க்கைப் போட்டால், பர்டூவுக்குப் பதில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி ஆடிக்கொண்டிருக்கும். 2014இல் ரட்கர்ஸ், பர்டூவும் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தது. அன்றிலிருந்து நியூ ஜெர்சியில் குடியிருப்பவன் ரட்கர்ஸ் ரசிகனாகத்தான் இருப்பான் என்று தொலைக்காட்சிக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆட்டங்கள் நடந்தால், முதன்மைச் சானலில் எது வரும் என்பதை வட்டாரம் பார்த்துப் பிரிப்பார்கள். மீதி ஆட்டங்கள் துணைச் சானல்களுக்குப் போகும். அந்தத் துணைச் சானல் உங்கள் பேக்கேஜில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் பேக்கேஜில் இல்லை. ஒரு செப்டம்பர் சனிக்கிழமை வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்து நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் வந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "உங்கள் வட்டாரத்து ஆட்டம் வந்துகொண்டுதானே இருக்கிறது, சார்?" அவரிடம் என்ன சொல்வது? நான் பிறந்தது திருச்சி, படித்தது இந்தியானா, இருப்பது நியூ ஜெர்சி. இதில் என் வட்டாரம் எது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ரிசீவரை வைத்தபோது மூன்றாவது கால்பகுதி முடிந்திருந்தது.

அதன் பிறகு 2018இல் கேபிளை நிறுத்தினேன். முதலில் ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா, பிறகு சில ஆண்டுகள் மாதச் சந்தா ஸ்ட்ரீமிங், போன ஆண்டு முதல் பரணில் பெரிய ஆன்டெனாவும் கூடவே கால்பந்துப் பருவத்தின் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு செயலியும். மூன்றையும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். என் ஓட்டு ஆன்டெனாவுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் தெளிவு, தாமதம் குறைவு, ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சானல் வரும், ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கும் பழக எளிது. விலைதான் வயிற்றெரிச்சல். பில்லின் கீழே ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு வரி, வட்டார விளையாட்டுக் கட்டணம் என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி பெரும்பாலும் உள்ளூர் பேஸ்பால், கூடைப்பந்து, ஹாக்கி அணிகளின் சானல்களுக்கு. பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸ்கூட முழுதாக உட்கார்ந்து பார்க்காத குடும்பம் அதற்கு மாதாமாதம் அழுதுகொண்டிருந்தது. சாட்டிலைட் டிஷ் நான் வைத்ததில்லை. நண்பர் வீட்டில் பார்த்தவரை படம் நன்றாக இருந்தது, பலத்த மழையில் நின்றது. அந்த ஒரு மதியத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

ஸ்ட்ரீமிங்குக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் துணை ஆட்டங்கள் எல்லாம் பெயரோடு வரிசையாக நிற்கும், பர்டூவைத் தேடித் தொடவேண்டியதுதான். வட்டாரம் என்ற பேச்சே அங்கே பாதி மறைந்துவிடுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் பதிவு செய்து வைக்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்தலாம். ஆனால் 2017இல் மாதம் 35 டாலருக்குத் தொடங்கிய யூடியூப் டிவி 2025 ஜனவரியில் 82.99 டாலருக்கு வந்துவிட்டது. கேபிளை விட்டு எதற்காக ஓடி வந்தோமோ அதே பில் வேறு பெயரில் வீடு தேடி வந்தது. "பந்து யார் கையில் இருக்கிறது என்றே புரியவில்லை, இதற்கு மாதம் எண்பது டாலரா?" என்று என் மனைவி கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை.

தாமதம் இன்னொரு தொல்லை. 2018 அக்டோபர் 20, நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை பர்டூ 49-20 என்று வீழ்த்திய இரவு. ஆட்டம் ஏபிசியில், ஆன்டெனாவில் இலவசமாக வரும் பெரிய நெட்வொர்க். நான் தட்டை ஆன்டெனாவில் பார்த்தேன், கல்லூரித் தோழன் டெக்ஸாஸில் ஸ்ட்ரீமிங்கில் பார்த்தான். பர்டூ ஒரு டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்ததும் அவனுக்குத் தொலைபேசி போட்டுக் கத்தினேன். அவன் திரையில் அணி இன்னும் வரிசைகட்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்த அரை நிமிடம் அவன் என்னைத் திட்டினான், அதன் பிறகு அவனும் கத்தினான். அன்று இரவு முழுக்க நான் அழைத்தால் எடுக்கவேயில்லை.

இதெல்லாம் இருந்தாலும், என்னை ஆன்டெனா பக்கம் தள்ளியது விலையும் இல்லை, தாமதமும் இல்லை. மைதானத்துக்கும் என் திரைக்கும் நடுவே கத்திரிக்கோலோடு யார் நிற்கிறார்கள் என்ற கேள்விதான்.

கல்லூரிக் கால்பந்தில் அந்தக் கத்திரிக்கோலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதையே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புதான் தீர்மானித்தது. 1980களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு முறை, அதற்கு மேல் கிடையாது. 1981இல் ஒரே வார இறுதியில் ஓக்லஹோமா-யுஎஸ்சி ஆட்டம் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் வந்தது. சிட்டடெல்-அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டம் வெறும் நான்கு நிலையங்களில். நான்கு கல்லூரிகளுக்கும் கிடைத்த பணம் ஒன்றே. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று என்சிஏஏவின் பிடியை உடைத்தது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் என்பது வேடிக்கை.

பிடி உடைந்தது, கத்திரிக்கோல் மட்டும் கை மாறியது. ஏபிசி நாட்டை வட்டாரமாகக் கூறுபோட்டு, இந்தப் பகுதிக்கு இந்த ஆட்டம், அந்தப் பகுதிக்கு அந்த ஆட்டம் என்று வரைபடம் போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் போயிற்று. பிறகு கான்ஃபரன்ஸ்கள் சொந்தச் சானல் தொடங்கின. பிக் டென் நெட்வொர்க் வந்தது 2007 ஆகஸ்ட் 30 அன்று. இரண்டே நாளில், செப்டம்பர் 1 அன்று, அதே சின்ன அணி அப்பலாச்சியன் ஸ்டேட், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பருக்கு வந்து, ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை 34-32 என்று கவிழ்த்தது. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. அதை ஒளிபரப்பிய பிக் டென் நெட்வொர்க்கை, பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் அப்போது எடுத்திருக்கவில்லை, அடுத்த ஆண்டில்தான் ஒப்பந்தம் முடிந்தது. மேற்குக் கரையின் பேக் 12 நெட்வொர்க்கோ 2012இல் பிறந்து 2024இல் மூடப்படும்வரை டைரக்டிவி என்ற சாட்டிலைட் சேவையில் வரவே இல்லை.

சானல்காரர்களும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனங்களும் பணத்துக்காகப் போடும் இந்த ஒப்பந்தச் சண்டைகளின் தேதியைக் கவனித்தால் சூட்சுமம் தெரியும். 2023 ஆகஸ்ட் 31 இரவு ஃபுளோரிடா-யூட்டா ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பெக்ட்ரம் கேபிளில் டிஸ்னியின் சானல்கள் அணைந்தன. 2024 செப்டம்பர் 1, யுஎஸ்சி-எல்எஸ்யு ஆட்டத்துக்குச் சற்று முன் டைரக்டிவியில் அணைந்தன. 2025 அக்டோபர் இறுதியில் யூடியூப் டிவியில் அணைந்து நவம்பர் 14 அன்றுதான் திரும்பின. கால்பந்து இல்லாத மார்ச் மாதத்தில் அணைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சனிக்கிழமை ஆட்டத்தைப் பிடித்துவைத்தால்தான் இரண்டு பக்கமும் இறங்கிவரும். பணயம் நாம்.

அந்தச் சண்டைகளில் டிஸ்னியின் விளையாட்டுச் சானல் இஎஸ்பிஎன் மட்டும் போகவில்லை, டிஸ்னியின் ஏபிசியும் போனது. நியூயார்க்கின் 7ஆம் சானலும் பிலடெல்பியாவின் 6ஆம் சானலும் ஏபிசியின் சொந்த நிலையங்கள், அவையும் கூடவே போயின. ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களிலும் அவை காற்றில் இலவசமாக வந்துகொண்டிருந்தன. கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை என் அஞ்சல் குறியீட்டைக் கேட்பதில்லை.

எங்கள் வீடு பிளெயின்ஸ்பரோ பக்கம். வடகிழக்கே நியூயார்க், தென்மேற்கே பிலடெல்பியா, இரண்டும் ஏறக்குறைய நாற்பது மைல். கேபிள்காரருக்கு நாங்கள் நியூயார்க் சந்தை, அத்தோடு சரி. ஆன்டெனாவுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். பரணில் இரண்டு ஆன்டெனா, ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். இரண்டையும் ஒரே வயரில் சேர்த்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்து தெரிந்துகொண்டேன். இப்போது டிவிக்குப் பின்னால் கையால் தட்டி மாற்றும் சிறிய சுவிட்ச். எல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்குள் முடிந்தது.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் காகிதம் போன்ற தட்டை ஆன்டெனாவை நம்பி ஏமாற வேண்டாம். 2009இல் டிஜிட்டலுக்கு மாறியபோது பெரும்பாலான நிலையங்கள் அலைநீளம் குறைந்த யுஎச்எஃப் அலைவரிசைப் பக்கம் போய்விட்டன. அங்கே அலைநீளம் அரை மீட்டர் அளவு, தட்டை ஆன்டெனா சமாளிக்கும். நியூயார்க்கின் 7 இன்னும் அலைநீளம் அதிகமான விஎச்எஃப்பிலேயே இருக்கிறது. பிலடெல்பியாவின் 6 அதிலும் தாழ்வரிசை, அலைநீளம் மூன்றரை மீட்டர். கை அகலப் பொருளில் அது எப்படிச் சிக்கும்? 2018இல் அந்த இரவு நான் பட்ட பாடு இதனால்தான். மனைவி திரைச்சீலையை நகர்த்தினால் படம் சதுரம் சதுரமாக உடையும். நான்காவது கால்பகுதி முழுக்க வீட்டில் யாரும் அந்த ஜன்னல் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. நீண்ட கம்பிகள் கொண்ட விஎச்எஃப் ஆன்டெனா வாங்கிப் பரணில் ஏற்றிய பிறகுதான் 7 நிலைத்தது. 6 இன்றும் மின்விசிறி போட்டால் சிணுங்கும்.

குடியிருப்புச் சங்கம் விடாதே என்று தயங்குகிறவர்கள் நிறைய. சொந்த வீட்டில், உங்களுக்கு மட்டுமே உரிய இடத்தில் டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கம் தடுக்கக்கூடாது என்று 1996 முதலே, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசியின் விதி இருக்கிறது. நான் பரணில் வைத்ததற்குச் சண்டைக்குப் பயந்தது காரணமில்லை, பனிக்காலத்தில் கூரை ஏறப் பயந்ததுதான். பரணுக்குள் சிக்னல் கொஞ்சம் குறையும், பராமரிப்பு அநேகமாகப் பூஜ்யம்.

ஆன்டெனாவின் குறையையும் மறைக்கக்கூடாது. 2023 முதல் பிக் டென் ஆட்டங்கள் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றிலும் பிரிந்திருக்கின்றன. நல்ல ஆட்டங்கள் எல்லாம் இலவசமாகக் காற்றில் வருகின்றன. ஒஹையோ ஸ்டேட் ரசிகனுக்கு ஆன்டெனா மட்டுமே கிட்டத்தட்டப் போதும். 2024இல் பன்னிரண்டில் ஒன்றே ஒன்றை வென்ற பர்டூவை யார் பெரிய சானலில் போடுவார்கள்? எங்களுக்குக் கிடைப்பது காற்றில் வராத பிக் டென் நெட்வொர்க், ஃபாக்ஸின் கட்டணச் சானல் எஃப்எஸ்1, எப்போதாவது என்பிசியின் ஸ்ட்ரீமிங் சேவை பீகாக். அணி தோற்கத் தோற்க ரசிகனின் பில் ஏறும் வினோதக் கணக்கு இது.

அதற்காகத்தான் அந்த மூன்று மாதச் செயலி. 2025 ஆகஸ்டில் வந்த ஃபாக்ஸ் ஒன், மாதம் 19.99 டாலர், பிக் டென் நெட்வொர்க்கும் எஃப்எஸ்1உம் அதில் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அறுபது டாலர். இதில் எனக்கு ஒரு பருவ அனுபவம்தான், செப்டம்பர் நெரிசலை இன்னும் ஓர் ஆண்டாவது பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், கிளெம்சன் என்று வேறு கான்ஃபரன்ஸ் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஆன்டெனாவில் ஏபிசி, அதற்கு மேல் இஎஸ்பிஎன் கட்டாயம், அது தனியாக மாதம் 29.99 டாலர்.

இரண்டு ஊர் நிலையங்கள் கிடைப்பது பழைய ஏபிசி வரைபடக் காலத்தில் பொக்கிஷமாக இருந்திருக்கும். இன்று பெரிய நெட்வொர்க்குகளின் கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் நாடு முழுக்க ஒன்றுதான், அதனால் லாபம் ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டங்களுக்குத்தான் அதிகம். நியூயார்க்கில் ஜயன்ட்ஸ் என்றால் பிலடெல்பியாவில் ஈகிள்ஸ். என் மகன் ஈகிள்ஸ் கட்சி, சுவிட்ச் அவன் பொறுப்பு.

போன நவம்பர் 28, வெள்ளிக்கிழமை இரவு, ஓல்டு ஓக்கன் பக்கெட் ஆட்டம். பரம்பரை எதிரியான இந்தியானா பல்கலைக்கழக அணி பர்டூவின் சொந்த மைதானத்துக்கே வந்தது. என்பிசியில், காற்றில், இலவசம். படம் ஒரு புள்ளிகூட உடையாமல் கண்ணாடி போல வந்தது, 56-3 என்று நாங்கள் தோற்ற கணக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மகன் எழுந்து போய் சுவிட்சைப் பிலடெல்பியா பக்கம் தட்டினான். அங்கேயும் 56-3தான்.