டார்க் கன்வர்ட்டரா, ஏஎம்டியா?

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில், கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் கியரைப் போட்டபடியே நிற்கிறது, ஆனால் இஞ்சின் அணையவில்லை. இதை டார்க் கன்வர்ட்டர், ஏஎம்டி என்ற இரண்டு வகை ஆட்டோமேட்டிக்குகளும் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. டார்க் கன்வர்ட்டரில் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய்தான். இஞ்சின் சுழற்றும் பம்ப், கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் சக்கரத்தின் மீது எண்ணெயை வீசுகிறது. பிரேக் பிடித்தால் டர்பைன் நின்றுவிடும், பம்ப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐடில் நிலையில் எண்ணெயின் தள்ளல் குறைவு என்பதால் இஞ்சின் திணறாது. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற அருமையான யோசனை இது.

ஏஎம்டியில், அதாவது தானாகக் கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸில், இருப்பது மேனுவல் காரின் அதே கிளட்ச். நம் காலுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி அதை விலக்குகிறது. விலை குறைவு, மைலேஜும் பரவாயில்லை. ஆனால் மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தினமும் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகிறவருக்கு, பட்ஜெட் இடம் கொடுத்தால், டார்க் கன்வர்ட்டரையே சொல்வேன்.