‘மூலிகை’ என்று விற்கப்படும் மெலிவுக் குளிசை: திருகோணமலையில் வாங்கியவர்களின் கவனத்திற்கு

திருகோணமலை நகரிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் வாட்ஸ்அப் வழியாக விற்கப்படுகின்ற, செம்மஞ்சள் மூடி போட்ட வெள்ளைப் போத்தலில் வரும் மெலிவுக் குளிசையைப் பற்றி எழுதுகிறேன். அது பலன் தரவில்லை என்பது என் முறைப்பாடு அல்ல. நன்றாகவே பலன் தந்தது. ஐந்து கிழமையில் 78 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கினேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமே அதுதான். நானோ மகிழ்ந்துபோய், தங்கையின் மகளின் திருமணத்திற்குத் தைத்த சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைப்பித்தேன்.

எனக்கு வயது 46. பிறசருக்கு மூன்று வருடங்களாக லொசார்டன் எடுத்து வருகிறேன். இதை விற்றவரிடம் சொல்லித்தான் வாங்கினேன். “அக்கா, இது முழுக்க மூலிகை. கொறுக்காயும் பச்சைத் தேயிலையும்தான் இருக்கு. பிறசர் மருந்தோட ஒண்டும் செய்யாது” என்று குரல்பதிவு அனுப்பினார். மீன்குழம்புக்குப் போடுகிற கொறுக்காய்தானே, அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நானும் நம்பினேன். 30 குளிசைகள் கொண்ட ஒரு போத்தல் 9,500 ரூபாய். பணத்தை வேறொருவரின் பெயரிலிருந்த வங்கிக் கணக்கில் போடச் சொன்னார். முச்சக்கர வண்டியில் வந்தவர் வாசலில் பொதியைத் தந்துவிட்டுப் போனார். பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. முதற் போத்தல் முடிந்ததும் இரண்டாவதையும் அவரிடமே வாங்கினேன்.

மூன்றாம் நாளிலிருந்தே பசி அற்றுப்போனது. காலையில் இரண்டு இடியப்பத்தோடு எழுந்துவிடுவேன். மத்தியானம் சோற்றைக் கண்டால் கையை எடுக்கத் தோன்றும். கூடவே வாய் வறண்டது, மலம் இறுகியது, இரவு இரண்டு மணிவரை கண் மூடவில்லை. இவற்றைச் சொன்னபோது, உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிற அறிகுறி என்று விற்றவர் பதில் அனுப்பினார். எந்தக் கழிவு, எந்த வழியாக என்று கேட்கும் புத்தி அப்போது எனக்கு இருக்கவில்லை.

ஐந்தாம் கிழமை வெள்ளிக்கிழமை மாலை, வழக்கம்போலக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறிக்கொண்டிருந்தேன். பல வருடங்களாக நிற்காமல் ஏறுகிற ஏற்றம் அது. பாதி வழியில், மான்கள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தருகே, ஓடிவந்தவளைப்போல நெஞ்சு அடிக்கத் தொடங்கியது; கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது. மதிலோரம் அமர்ந்து கால் மணிநேரமாகியும் அது தணியாததால், கணவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். பிறசர் 172/108, நாடித்துடிப்பு 124. ஈசிஜியில் மாரடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான், மறைத்து வைத்திருந்த போத்தலை வெட்கத்தோடு எடுத்துக் காட்டினேன்.

கொறுக்காயால் இப்படி நிறை குறையாது என்றுதான் வைத்தியர் தொடங்கினார். கொறுக்காயிலிருந்து பிரித்தெடுக்கும் அமிலத்தை 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 கிழமை சோதித்தபோது, அதை எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் நிறைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லையாம். ஆகவே என் பசியை அடக்கியது வேறொன்று. அறிகுறிகளைப் பார்த்தால் சிபுட்ரமினாக இருக்கலாம் என்றார். மூளையில் சில இரசாயனங்கள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து வயிறு நிறைந்த உணர்வைத் தருகின்ற அந்த மருந்து, அதே செயலாலேயே நாடித்துடிப்பையும் பிறசரையும் ஏற்றிவிடுகிறது. ஏற்கெனவே இதயநோய் அல்லது நீரிழிவு உள்ள சுமார் 9,800 பேரை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வில், மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 10 வீதமானோருக்கும் சிபுட்ரமின் எடுத்தவர்களில் 11.4 வீதமானோருக்கும் ஏற்பட்டன. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. கடைகளிலிருந்து போன மருந்து, ‘மூலிகை’ என்ற பெயரோடு விற்கப்படும் பொருள்களில் ஒளிந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது.

என் போத்தலை இன்னும் எந்த ஆய்வுகூடமும் சோதிக்கவில்லை. ஆகவே அதில் இன்னதுதான் இருந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு குளிசையின் கூட்டைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். மண்ணிறத் தூளுக்கிடையே சீனியைப்போல மினுங்கும் வெள்ளைப் பொடி கிடந்தது. போத்தலிலிருந்த ஒட்டியை நகத்தால் உரித்தபோது அடியில் வேறொரு பெயருடன் இன்னோர் ஒட்டி இருந்தது. தயாரித்தவரின் முகவரி, தொகுதி இலக்கம், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவிலக்கம் ஆகியவற்றில் ஒன்றுகூட இரண்டு ஒட்டிகளிலும் இல்லை. இதை 19,000 ரூபாய் கொடுக்க முன்னர் பார்த்திருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, திறந்த போத்தலை எடுக்கமாட்டோம் என்றார். வைத்தியர் சொன்னதை எழுதி அனுப்பியதும் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். குளிசையை நிறுத்தி இரண்டு கிழமையில் பிறசர் பழைய அளவுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ திரும்பி வந்தது.

நிறை குறைக்க நம்பகமான மருந்தே இல்லையா என்று கிளினிக்கில் கேட்டேன். உண்டு, ஆனால் வைத்தியர் பார்த்து எழுதித் தரவேண்டும். ஒர்லிஸ்டற் 120 மில்லிகிராம் குளிசை, உண்ணும் கொழுப்பில் ஏறத்தாழ 30 வீதத்தை உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றும். பாற்சொதியை அளவில்லாமல் ஊற்றிச் சாப்பிட்டால் மலத்தோடு எண்ணெய் கசிந்து மானத்தை வாங்கிவிடும். அதனாலும் ஒரு வருடத்தில் உணவுக் கட்டுப்பாட்டால் குறைவதைவிட மூன்று கிலோ அளவுதான் மேலதிகமாகக் குறையுமாம். ஐந்து கிழமையில் ஆறு கிலோ என்ற கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது.

இந்தப் போத்தல் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், குறிப்பாகப் பிறசர், இதயநோய், மன அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர் ஒருவர் அதைப் பாவிக்கிறார் என்றால், இந்தக் குளிசையை இன்றே நிறுத்திப் போத்தலோடு வைத்தியரிடம் போங்கள். போத்தலை எறிந்துவிட வேண்டாம். குரல்பதிவையும் வங்கிச் சிட்டையையும் வைத்திருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிட அவை உதவும். என்னிடம் மிஞ்சியிருக்கும் இருபத்துச் சொச்சம் குளிசைகளையும் உரித்த ஒட்டியையும் உணவு மருந்துப் பரிசோதகரிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.