முகூர்த்த மேடையில் ஒயிட் பேலன்ஸ்: ஆட்டோவா, கெல்வினா, கிரே கார்டா?

கல்யாண மண்டபத்தின் முகூர்த்த மேடையில் ஒரே நேரத்தில் நான்கைந்து வகை வெளிச்சம் விழுகிறது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்: குறைந்தால் மஞ்சள், உயர்ந்தால் நீலம். கூரையில் 6500 கெல்வின் எல்இடி டியூப்கள், அலங்காரத்துக்குப் பின்னால் 3000 கெல்வின் அளவிலான வார்ம் விளக்குகள், வீடியோக்காரர் நிறுத்தியிருக்கும் 5600 கெல்வின் எல்இடி பேனல், ஹோமத் தீ, குத்துவிளக்குச் சுடர். பொழுது விடிந்துவிட்டால் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வான வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவே கூறைப்புடவையின் அரக்கு, தாலிக் கயிற்றின் மஞ்சள், வேட்டியின் வெண்மை, மணமக்களின் தோல் நிறம் ஆகிய நான்கும் ஒரே படத்தில் சரியாக வந்தாக வேண்டும். புடவையைக் கடையில் தேர்ந்தெடுத்த பெண்கள் ஆல்பத்தைத் திறந்ததும் அந்த நிறம் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒயிட் பேலன்ஸ் என்பது மெனுவில் ஒரு முறை தொட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய அமைப்பு அல்ல. கேமரா தரும் வழிகளில் எது எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பதை இந்த மேடையை வைத்தே பார்க்கலாம்.

கேமராவுக்குள் நடப்பது எளிமையானது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. பச்சையை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் எவ்வளவு பெருக்கினால் சாம்பல் நிறப் பொருள் சாம்பலாகவே தெரியும் என்று தீர்மானிப்பதுதான் ஒயிட் பேலன்ஸ். நம் கண்ணும் மூளையும் தாமாகவே இதைச் செய்துகொள்வதால், வார்ம் விளக்கின் கீழும் வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. அந்தப் பெருக்கல் அளவை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன: ஆட்டோவில் கேமரா ஊகிக்கிறது, முன்னமைவுகளில் தயாரிப்பாளர் வகுத்த எண் செயல்படுகிறது, கெல்வினில் நாம் எண்ணைச் சொல்கிறோம், கிரே கார்டு என்ற நடுநிலைச் சாம்பல் நிற அட்டையைக் கொண்டு வெளிச்சத்தையே அளக்கிறோம்.

ஆட்டோவின் ஊகம் இன்றைய கேமராக்களில் மிகவும் மேம்பட்டிருக்கிறது. கேனானிலும் ஃபியூஜிஃபில்மிலும் சூழலின் இளஞ்சூட்டைக் காப்பதற்கு ஓர் ஆட்டோ, வெண்மையைக் காப்பதற்கு ஓர் ஆட்டோ என்று தனித்தனியே உண்டு. நிக்கானில் ஆட்டோ 0, 1, 2 என்று மூன்று படிகள் உண்டு. இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சட்டகத்துக்குள் இருக்கும் நிறங்களை வைத்துத்தான் வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா ஊகிக்கிறது. அப்படியிருக்க, மஞ்சள் பூசிய முகமும் சாமந்தி மாலையும் அரக்குப் பட்டும் சட்டகத்தை நிறைக்கும்போது, இந்த மஞ்சளும் சிவப்பும் பொருளின் நிறமா வெளிச்சத்தின் நிறமா என்று அதற்கு உறுதியாகத் தெரிவதில்லை. வெளிச்சம்தான் மஞ்சள் என்று முடிவெடுத்தால் நீலத்தைக் கூட்டிவிடும். நலங்கின்போது பூசிய மஞ்சள் வெளிறிப்போய், முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நிறம் மாறிவிடுவது. மணமகளின் முகத்தை நெருக்கத்தில் எடுத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் சேர்த்து எடுத்தால், மேடை வெளிச்சம் துளியும் மாறாதபோதே கேமராவின் கணக்கு மாறிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படமும் ஏற்றுக்கொள்ளத்தக்கவைதான். ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தால் ஒரே புடவை இரண்டு புடவைகளாகத் தெரியும். ஆட்டோவைப் பற்றிய என் முதன்மையான குறை, தவறும்போதும் அது ஒரே மாதிரித் தவறுவதில்லை என்பதுதான். எல்லாப் படங்களும் ஒரே அளவு மஞ்சளாக இருந்தால் ஒரே திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விலகியிருந்தால் ஒவ்வொன்றாகத்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் நிலைமை நேர்மாறானது. தெருவிளக்கு, ஊர்வலத்தோடு வரும் விளக்குகள், பந்தலில் தொங்கும் சீரியல் லைட், வாகனங்களின் முகப்பு விளக்கு என்று பத்தடிக்கு ஒருமுறை வெளிச்சம் மாறும்போது எந்த நிலையான எண்ணும் அடுத்த நிமிடமே பழசாகிவிடும். அங்கே ஆட்டோவை விடச் சிறந்த வழி இல்லை. வாசலிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து மணமகள் அறைக்கும் ஓடிக்கொண்டே எடுக்க வேண்டிய நேரங்களிலும் அப்படியே.

வெயில், மேகம், நிழல், பல்பு, டியூப் என்று படக்குறிகளோடு வரும் முன்னமைவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை பெயர் சூட்டப்பட்ட எண்கள்: கேனானில் வெயில் 5200, மேகம் 6000, நிழல் 7000, பல்பு 3200 கெல்வின். நிக்கானில் நிழல் 8000 என்றிருப்பதால், இரண்டு நிறுவனக் கேமராக்களோடு வேலை செய்யும் குழுவில் இருவரும் ‘நிழல்’ என்று வைத்தாலும் படங்கள் ஒத்துப்போகாது. காலை பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் வாழைமரத்தடியில் குடும்பப் படம் எடுப்பதற்கு ‘வெயில்’ முன்னமைவு போதும். மேடைக்கு இவை எவையும் பொருந்துவதில்லை. டியூப் முன்னமைவு பழைய ஃபுளோரசன்ட் குழல்களை மனத்தில் வைத்து அமைந்தது. இன்று மண்டபங்களில் இருப்பவை பெரும்பாலும் எல்இடி என்பதால், அந்தக் குறியைப் பார்த்து ஏமாறிவிடக் கூடாது.

கெல்வின் எண்ணை நேரடியாக வைப்பதுதான் மேடையில் நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. பெரும்பாலான கேமராக்களில் 2500 முதல் ஏறத்தாழ 10000 வரை எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். தொடங்குபவர்களைக் குழப்புவது ஒன்றுண்டு: மஞ்சள் விளக்குக்குக் குறைந்த எண், நீல வானத்துக்கு உயர்ந்த எண் என்பது வெளிச்சத்தின் கணக்கு, கேமராவில் எண்ணை உயர்த்தினாலோ படம் மஞ்சளாகிறது. வெளிச்சம் அவ்வளவு நீலமாக இருக்கிறது என்று நாம் சொல்வதாகக் கேமரா எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்ப்பதே காரணம். ஆகவே திரையில் படம் நீலம் பாய்ந்து தெரிந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும், மஞ்சளாகத் தெரிந்தால் குறைக்க வேண்டும். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையின் நேரடிக் காட்சியில், மணமேடையைப் பார்த்தபடியே எண்ணைத் திருப்பினால் வேட்டி வெள்ளையாகும் இடம் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

எண்ணைத் திருப்பும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நூறு கெல்வினின் மதிப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் மைரெட் என்ற அளவில்தான் நிற மாற்றம் கண்ணுக்கு ஓரளவு சீராகத் தெரிகிறது. 3000-லிருந்து 3300-க்குப் போனால் 30 மைரெட் மாற்றம். 6000-லிருந்து 6300-க்குப் போனால் 8 மைரெட் மட்டுமே. அதாவது வார்ம் விளக்கு நிறைந்த வரவேற்பு மேடையில் முந்நூறு தவறினால் படத்தில் பளிச்சென்று தெரியும், பகல் வெளிச்சத்தில் முந்நூறு தவறினால் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். குறைந்த எண்களில் நூறு நூறாகவும், உயர்ந்த எண்களில் தாராளமாகவும் நகர்த்தலாம்.

கெல்வினால் தனியாகத் தீர்க்க முடியாதது பச்சை வாடை. கெல்வின் எண் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே மட்டுமே நகர்கிறது. மலிவான எல்இடி விளக்குகளும் பழைய டியூப்களும் தரும் வெளிச்சமோ பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கும். எண்ணை எவ்வளவு திருப்பினாலும் மணமகனின் கன்னத்தில் ஒரு நோயாளிக் களை நீங்காமல் இருந்தால் காரணம் இதுதான். அப்போது ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்ற மெனுவுக்குப் போய், பச்சைக்கு எதிரே உள்ள மெஜந்தா பக்கம் ஓரிரு படி நகர்த்த வேண்டும்.

எண்ணையும் சாய்வையும் ஒன்றாகப் பிடித்துத் தருவது கிரே கார்டு வைத்து எடுக்கும் கஸ்டம் முறை. கார்டைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் மெனுவில் காட்டி, பிறகு ஒயிட் பேலன்ஸைக் கஸ்டம் நிலைக்கு மாற்றினால் முடிந்தது. இந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்டு எங்கே இருக்கிறது என்பதே இந்த முறையின் உயிர். போட்டோகிராபர் நிற்கும் இடத்தில் கார்டைப் பிடித்தால் பார்வையாளர் பகுதியின் டியூப் வெளிச்சம்தான் அளக்கப்படும். மணமக்கள் அமரப்போகும் மணையின் மேல், அவர்களின் முகம் வரும் உயரத்தில், கேமராவை நோக்கிக் கார்டைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வீடியோ பேனல் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அளந்தபின் வீடியோக்காரர் பேனலை நகர்த்தினால் அளவும் செல்லாது.

கார்டு இல்லாதபோது வேட்டியையோ வெள்ளைத் தாளையோ காட்டி அளப்பவர்கள் நிறைய. இது பார்ப்பதற்கு நியாயமான மாற்றுதான்; ஆனால் வேட்டியின் வெண்மை நடுநிலையான வெண்மை அன்று. சலவைக்குப் போடும் நீலமும், சலவைத்தூளில் கலந்துள்ள பளிச்சிடும் வேதிப்பொருளும் அதற்கு நீலச் சாயலைத் தருகின்றன. பெரும்பாலான எழுதுதாள்களிலும் அதே வகைப் பொருள் உண்டு. பகல் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது நீலமாக ஒளிரும். இதைக் கேமரா வெளிச்சத்தின் நீலம் என்று எண்ணி மஞ்சளைக் கூட்டிவிடுவதால், வேட்டியை வைத்து அளந்த படங்கள் சற்று மஞ்சளாகவே வரும். ஒரு நல்ல கிரே கார்டு சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. அதை எடுத்துச் செல்லாமலிருப்பதற்குக் காரணமே இல்லை.

அப்படியானால் எல்லா இடத்திலும் கார்டு என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் முடிவு. கார்டு தருவது நடுநிலையை. ஆனால் விளக்கேற்றும் காட்சிக்கு நடுநிலை பொருந்தாது. சுடர் வெளிச்சம் ஏறத்தாழ 1900 கெல்வின். அதைக் கேமரா முழுமையாக ஈடுகட்டிவிட்டால் குத்துவிளக்கின் முன் நிற்கும் முகம் டியூப் வெளிச்சத்தில் நின்றதுபோல் ஆகிவிடும், அந்த வேளைக்குரிய அழகு போய்விடும். ஹோமத் தீயின் முன் குனிந்திருக்கும் முகங்களுக்கு 3500 முதல் 4000 வரையிலான எண் என் விருப்பம்: தீயின் சூடு படத்தில் தங்கும், தோல் சிவந்து எரியாது.

‘ராவில் எடுக்கிறோம், எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இன்று பரவலாகக் கேட்கும் வாதம். அதில் பாதி உண்மை. சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் ஒரு குறிப்பாக மட்டுமே பதிவாகிறது. சென்சார் அளந்த எண்கள் மாறுவதில்லை, ஆகவே கணினியில் எந்த எண்ணையும் இழப்பின்றி வைத்துக்கொள்ளலாம். கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய ஜேபெக் கோப்பிலோ நிறம் 8 பிட்டில் உறைந்துவிடுகிறது. பெரிய திருத்தம் செய்தால் தோலில் திட்டுத்திட்டாகத் தெரியும். எனவே திருமணத்தை ராவில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

மீதிப் பாதிதான் பிரச்சினை. முதலாவது, வெளிச்ச அளவுகளின் பரவலைக் கேமரா திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும், எரிந்துபோன பகுதிகளைக் காட்டும் சிமிட்டலும் ரா எண்களிலிருந்து வருவதில்லை. ஒயிட் பேலன்ஸ் சேர்க்கப்பட்ட ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருகின்றன. வார்ம் விளக்கில் பகல் அமைப்போடு எடுத்தால் சிவப்பு எகிறிவிட்டதாகத் திரை காட்டும்; அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்தால், ஏற்கெனவே வறண்டிருக்கும் நீலச் சேனல் இன்னும் வறண்டு, பிறகு பெருக்கும்போது புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். இரண்டாவது, பிறகு திருத்துபவர் அரக்குப் பட்டின் உண்மையான நிறத்தை நினைவிலிருந்து எடுக்க முடியாது. கார்டோடு ஒரு படமாவது இருந்தால் திருத்தும் மென்பொருளில் நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியான ஐட்ராப்பரைக் கார்டின் மேல் வைத்து அதன் எண்ணை மற்றப் படங்களுக்கெல்லாம் பரப்பிவிடலாம். இல்லையென்றால் திருத்துபவரின் திரையும் மனநிலையும் சேர்ந்து புடவையின் நிறத்தை முடிவு செய்யும்.

வீடியோவில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. திருமணங்களுக்குப் பயன்படும் பெரும்பாலான கேமராக்கள் வீடியோவைச் சுருக்கப்பட்ட கோப்பாகத்தான் பதிவு செய்கின்றன, நிறம் அதிலேயே உறைந்துவிடும். ஆட்டோவில் விட்டால், தாலி கட்டும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் குறுக்கே வந்ததற்காக மேடை முழுவதும் மெல்ல நிறம் மாறும். இரண்டு, மூன்று கேமராக்கள் ஓடும் குழுவில் எல்லோரும் ஒரே கெல்வின் எண்ணை வைத்துக்கொள்வதும், முகூர்த்தத்துக்கு முன் எல்லாக் கேமராக்களிலும் ஒரே கார்டைப் பதிவு செய்துகொள்வதும் கட்டாயம். ஒரே எண்ணை வைத்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் சற்று வேறுபடும். அதைச் சரிசெய்யவும் அந்தக் கார்டுப் பதிவுதான் உதவும்.

எந்த வழியாலும் தீராத இரண்டு சிக்கல்கள் உண்டு. அவற்றுக்கு ஒயிட் பேலன்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்களும் தரம் குறைந்த எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன, அந்த மினுங்கலுக்குள் நிறமும் மாறலாம். ஷட்டரை 1/250-இல் வைத்துத் தொடர்ச்சியாக எடுக்கும்போது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வந்தால், ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கிப் பார்க்க வேண்டும், அல்லது கேமராவில் மினுங்கலைத் தவிர்க்கும் ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் அதை இயக்க வேண்டும்.

மற்றொன்று கலப்பு வெளிச்சம். வார்ம் விளக்குகள் நிறைந்த வரவேற்பில் வெறும் ஃபிளாஷை அடித்தால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம் என்று படம் பிளந்துவிடும். ஒற்றை எண்ணால் இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷின் முகத்தில் முழு சிடிஓ ஜெல் என்ற ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை ஒட்டினால் அதன் வெளிச்சம் ஏறத்தாழ 3200 கெல்வினுக்கு இறங்கி மண்டபத்து விளக்குகளோடு சேர்ந்துகொள்ளும். கேமராவையும் 3200-இல் வைத்துவிடலாம். 6500 கெல்வின் டியூப்கள் எரியும் மண்டபத்தில் ஃபிளாஷுக்கு ஜெல் தேவையில்லை. மேடையில் ஊதா எல்இடிகளைச் சுழலவிட்டிருந்தால் கிரே கார்டும் பயன்படாது, ஏனெனில் அந்த வெளிச்சத்தில் பச்சை ஏறக்குறைய இல்லவே இல்லை. அங்கே கேமராவை 5500 அளவில் நிறுத்தி, முகங்களுக்கு மட்டும் ஃபிளாஷ் கொடுத்து, ஊதாவைப் பின்னணியில் ஊதாவாகவே விட்டுவிட வேண்டும்.